கலெக்டர் மனுவால் சீனப் பட்டு நிற்காது

பட்டுக்கூடு விலை சரியும்போதெல்லாம் தருமபுரியில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஒரு மனு போகிறது. பின்னாலேயே ஓர் ஆர்ப்பாட்டம். அதோடு சரி. 'சீனப் பட்டு இறக்குமதியைத் தடுக்க வேண்டும்' என்பது மனுவின் சாரம். சுங்க வரி போடும் அதிகாரம் கலெக்டருக்கும் இல்லை, பட்டு வளர்ச்சித் துறைக்கும் இல்லை, மாநில அரசுக்கே இல்லை. மனுவை வாங்கும் அதிகாரி இதை ஒரு வரியில் சொல்லி, போக வேண்டிய இடத்தைக் காட்டலாம். ரசீது கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மாதங்கள் வீணாகின்றன.

வரிகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அடிப்படைச் சுங்க வரி பட்ஜெட்டில் தீர்மானிக்கப்படுவது. 2011 பட்ஜெட்டில் கச்சாப் பட்டுக்கு 30 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். 2013-இல் 15 ஆக உயர்த்தினார்கள். அது அரசியல் முடிவு, அதற்கு எம்.பி.யைப் பிடிக்கலாம். பொருள் குவிப்புத் தடுப்பு வரி அப்படியல்ல. தன் நாட்டில் விற்கும் விலையைவிடக் குறைத்து ஒருவர் இங்கே அனுப்புகிறார், அதனால் இங்குள்ள உற்பத்தியாளருக்குச் சேதம் என்று கணக்கோடு நிரூபித்தால் கிடைப்பது. வெளிநாட்டு அரசின் மானியத்தால் விலை குறைந்திருந்தால் எதிரீட்டு வரி கேட்கலாம். சீனக் கச்சாப் பட்டின் மீது 2003-லேயே குவிப்புத் தடுப்பு வரி வந்தது. 2016 ஜனவரியில் 3ஏ தர நூலுக்கும் அதற்குக் கீழான தரத்துக்கும் கிலோவுக்கு 1.85 டாலர் என்று 5 ஆண்டுகளுக்குப் போட்டார்கள். கேட்கத் தெரிந்தவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

கேட்க வேண்டிய இடம் ஒன்றே: வணிகத் தீர்வுகள் தலைமை இயக்ககம், அதாவது டிஜிடிஆர். மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ், ஜீவன் தாரா கட்டடம், 4-ஆம் தளம், பார்லிமென்ட் ஸ்ட்ரீட், புது டெல்லி 110001. சுங்கக் கட்டணச் சட்டம் 1975, பிரிவு 9ஏ என்று குறிப்பிட்டு, அவர்களுடைய படிவத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். எதிரீட்டு வரிக்குப் பிரிவு 9. அதற்கு விண்ணப்பம் தனி.

பலரும் தடுக்கி விழும் இடம் அடுத்தது. இறக்குமதியாவது பட்டுநூல், எனவே விண்ணப்பதாரர் பட்டுநூல் உற்பத்தி செய்பவராக, அதாவது நூற்பாளராக இருக்க வேண்டும். கூடு வளர்க்கும் விவசாயி மட்டும் கையெழுத்திட்டால் விண்ணப்பம் நிற்காது. ஆதரிக்கும் நூற்பாளர்களின் உற்பத்தி நாட்டின் மொத்த உற்பத்தியில் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எதிர்ப்பவர்களின் உற்பத்தியைவிட அதிகமாகவும் இருக்க வேண்டும். தருமபுரி மட்டும் சேர்ந்து இதை எட்ட முடியாது. கர்நாடகத்தின் ராமநகரம், சித்லகட்டா நூற்பாளர்களையும் சேர்த்துத்தான் போக வேண்டும். நாட்டு உற்பத்திப் புள்ளிவிவரத்தைப் பெங்களூரு மத்தியப் பட்டு வாரியத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சீன நூலைத் தானே இறக்குமதி செய்யும் நூற்பாளரை முன்னிறுத்தாதீர்கள். அவரை உள்நாட்டு உற்பத்தியாளர் கணக்கிலிருந்தே நீக்கிவிட முடியும்.

அடுத்தது ஆவணங்கள். விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும் கணக்குக் காலம் பெரும்பாலும் ஓராண்டு. சேதத்தைக் காட்ட அதற்கு முந்தைய 3 ஆண்டுக் கணக்கும் கேட்பார்கள். ஆக 4 ஆண்டுக்கு இவை வேண்டும்: கூடு அங்காடியில் வாங்கிய ரசீது, காஞ்சிபுரம் அண்ணா பட்டுப் பரிமாற்றகத்திலோ வியாபாரியிடமோ நூல் விற்ற பில், மின்கட்டணம், கூலிப் பதிவேடு, தேங்கிய இருப்பு. விண்ணப்பத்துக்கு இரண்டு படி தயாரிக்க வேண்டும்: ரகசியப் படி ஒன்று, எல்லாரும் பார்க்கக்கூடிய படி ஒன்று. துண்டுச் சீட்டில் வியாபாரம் செய்துவிட்டு விலை விழுந்தபின் ஆதாரம் தேடினால் கிடைக்காது. பில் இல்லாமல் வழக்கு இல்லை. சிறு தொழிலுக்கு உதவ டிஜிடிஆர் உதவி மையம் வைத்திருக்கிறது. வக்கீலுக்குப் பணம் கட்டும் முன் அங்கே கேளுங்கள்.

விசாரணை தொடங்கி ஓராண்டுக்குள் முடிய வேண்டும். 6 மாதம் நீட்டிக்கலாம். டிஜிடிஆர் பரிந்துரை மட்டுமே செய்யும், வரி போடுவது நிதியமைச்சகம். அந்த முடிவை எதிர்த்து 90 நாளுக்குள் சுங்க, கலால், சேவை வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வரியின் ஆயுள் 5 ஆண்டுதான். நீட்டிப்பு வேண்டுமானால் ஒன்பது, பத்து மாதத்துக்கு முன்பே மறுஆய்வு கேட்டுவிடுங்கள். தானாக நீளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தரத்தைப் பொய்யாகக் காட்டியோ விலையைக் குறைத்துக் காட்டியோ நூல் வருகிறதென்றால் அது வேறு வழக்கு. வருவாய்ப் புலனாய்வு இயக்ககத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

பிளாஸ்டிக் பொதிபொருளுக்கும் இதே நடைமுறைதான், ஆனால் அங்கே நம்மவர்கள் பலர் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறார்கள். 2021 மார்ச்சில், பிளாஸ்டிக் பாட்டில் செய்யப் பயன்படும் சீன பெட் ரெசின் மீது குவிப்புத் தடுப்பு வரி வந்தது. பாட்டில் செய்பவர்களும், அந்தப் பாட்டிலில் மாம்பழச் சாறு அடைப்பவர்களும் செலவு கூடியபின் புலம்பிப் பயனில்லை. பயன்படுத்தும் தொழிலுக்கும் விசாரணையில் பேச உரிமை உண்டு. அறிவிப்பு வந்தபின் பதில் தர வழக்கமாக 30 நாள்தான். நேரத்தில் பதில் தராதவரை விட்டுவிட்டு, கையில் இருக்கும் தகவலை வைத்தே முடிவெடுப்பார்கள். அறிவிப்பு அரசிதழிலும் டிஜிடிஆர் இணையதளத்திலும் வரும். உங்கள் வீட்டுக்குத் தபாலில் வராது.

எனவே ஒவ்வொரு சங்கமும் மாதம் ஒருமுறை அந்த இணையதளத்தைப் பார்க்க ஓர் ஆளை நியமிக்கட்டும். நூற்பாளர்கள் இன்றிலிருந்து ஒவ்வொரு கிலோவுக்கும் பில் போடட்டும். திரும்பவும் சொல்கிறேன்: பில் இல்லாமல் வழக்கு இல்லை.