தலைநகரங்கள்: செஞ்சி

சென்ற வாரம் தாஷ்கண்டில் இருந்தோம். தியான்ஷான் மலைப் பனி உருகி, சிர்ச்சிக் ஆற்றில் இறங்கி, வாய்க்கால்களாகப் பிரிந்து வருவதால் பிழைத்திருக்கும் ஊர் அது. இந்த வாரம் அவ்வளவு தூரம் வேண்டாம். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை சாலையில் 28 கிலோமீட்டர் போனால் செஞ்சி. இதுவும் தலைநகரமாக இருந்த ஊர்தான்.

விஜயநகரத்துக்குக் கீழே நாயக்கர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். 1597-இல் வந்த ஏசுசபைப் பாதிரியார் பிமென்டா, இந்தியாவில் தாம் கண்ட ஊர்களில் இதுவே பெரிது, போர்ச்சுகலிலும் லிஸ்பனை விட்டால் இதற்கு ஈடில்லை என்று எழுதி வைத்தார். இன்றைய பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு இதை நம்புவது கஷ்டம்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று குன்றுகள். மூன்றையும் மதில் கட்டி இணைத்து, நடுவில் ஊரை வைத்தார்கள். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சிக்குப் போகும் வழியில் பாறை பிளந்து கிடக்கிறது. அதன்மேல் போட்ட பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை. ஆனால் தலைநகரத்துக்குக் கல் மட்டும் போதுமா? இங்கே உருகி வரப் பனி இல்லை. சங்கராபரணி மழைக்கால ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் விழுவதைத் தேக்கினால்தான் ஆனியில் குடிக்கலாம். அதனால்தான் செட்டிகுளம், சக்கரகுளம், பாறைச் சுனைகள். கல்யாண மகாலுக்கு மண்குழாய் வழியே தண்ணீர் கொண்டுபோனார்கள். என்னைக் கேட்டால், மதிலைவிட இதுதான் பெரிய வேலை.

மத்திய ஆசியாவும் இங்கே வந்தது. பெர்கானாவின் அந்திஜானில் பிறந்த பாபரின் வழிவந்தவர் ஔரங்கசீப். மராட்டிய அரசர் ராஜாராம் செஞ்சியைத் தலைநகராக்கிக்கொண்டபோது, 1690-இல் ஔரங்கசீப் தம் தளபதி சுல்பிகர் கானை முற்றுகையிட அனுப்பினார். ஊர் லேசில் விழவில்லை. மராட்டியக் குதிரைப்படை வழிகளை அடைக்க, பாளையத்தில் தானியம் தீர்ந்து, 1693 ஜனவரியில் முற்றுகைப்படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது. 1698-இல்தான் கோட்டை கைக்கு வந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார்.

பிடித்தவர்களையும் ஊர் சும்மா விடவில்லை. 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்தார்கள். பிறகு சுமார் பத்து ஆண்டுகளில் காய்ச்சலுக்கும் நோய்க்கும் 1,200 ஐரோப்பியச் சிப்பாய்களை இழந்ததாகச் சொல்வார்கள். சுட்ட பாறை இரவிலும் அனல் விடும், தேங்கிய தண்ணீர் கொசு வளர்க்கும். 1761-இல் ஆங்கிலேயர் வந்தார்கள். அதன்பின் யாருக்கும் இது தலைநகரமாகத் தேவைப்படவில்லை.

அரசு போனாலும் மற்றவை தங்கின. தமிழ்ச் சமணர்களின் மடம் பக்கத்து மேல்சித்தாமூரில் இருக்கிறது. பழைய செஞ்சி என்னும் மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலை இந்த வழிபாட்டுக்கே மூலக்கோயில் என்பார்கள்; வட மாவட்டமெங்கும் பாரதக் கூத்து நடப்பது அந்த அம்மனுக்காகத்தான். செஞ்சியை ஆண்டு 1714-இல் போரில் மாண்ட தேசிங்கு ராஜன் வடக்கத்திப் பண்டேலா ராஜபுத்திரன். கதைப்பாட்டில் அவன் நம் ஊர்ப் பிள்ளை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக. மராட்டியர் கையில் இருந்தது 1677 முதல் 1698 வரை மட்டும். பட்டியலில் இடம் கிடைத்தது நல்லது. நாயக்கர் பெயரும் சேர்ந்திருக்க வேண்டும். போகிறவர்கள் ராஜகிரி ஏறி படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடாமல், குளங்களையும் மேலச்சேரியையும் பார்த்துவிட்டு வாருங்கள். மார்கழி, தை தோதான மாதங்கள், சித்திரையில் வேண்டாம்.