இடுப்பு வலி: அறிதலும் ஆற்றுதலும்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் தமிழர் வாழ்வு பெரும்பாலும் உழைப்பின் வரலாறே ஆகும். துறைமுகத்திலும் சாலைப் பணியிலும் கட்டட வேலையிலும் நம்மவர் பலர் பாடுபட்டு வந்துள்ளனர். 1964 ஆம் ஆண்டின் சிரிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையினின்று தாயகம் திரும்பிய தமிழருள் சிலர், கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டும் தொழிலுக்காகக் குடியமர்த்தப்பட்டனர். குனிந்து மரம் கீறியோரும், மூட்டை சுமந்தோரும், நாள் முழுதும் கோப்புகளின்முன் அமர்ந்திருக்கும் எம்போன்ற மொழிபெயர்ப்பாளரும் ஒருங்கே அறிந்த துன்பம் ஒன்று உண்டு. அதுவே இடுப்பு வலி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் மக்களுக்கு இவ்வலி இருந்தது.

நம் இடுப்புப் பகுதியில் ஐந்து முதுகெலும்புகள் அடுக்காக அமைந்துள்ளன. ஒவ்வோர் எலும்புக்கும் இடையே, உள்ளே மென்மையும் வெளியே உறுதியும் வாய்ந்த வட்டு ஒன்று மெத்தைபோல் இருக்கின்றது. தசைகளும் தசைநார்களும் இவ்வடுக்கை இழுத்துக் கட்டி நிறுத்துகின்றன. மேலுடலின் பாரம் முழுவதையும் தாங்குவது இப்பகுதியே. ஆகவே இங்கே வலி தோன்றுவதில் வியப்பில்லை.

வலியின் காரணங்களுள் மிகப் பொதுவானது தசையும் தசைநாரும் பிசகுதல். பாரத்தைத் தூக்கிய மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும், அசைந்தால் வலிக்கும், காலுக்கு இறங்காது. இதனையே நாம் 'வாயுப் பிடிப்பு' என்கின்றோம். பெரும்பாலோர்க்கு இது சில வாரங்களில் தானே தணியும். இரண்டாவது, வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துதல். இடுப்பைவிடக் காலிலேயே வலி மிகும். முழங்காலுக்குக் கீழும் பரவும். தும்மினாலும் இருமினாலும் சுரீரென்று பாயும். மூன்றாவது, முதுமையில் எலும்பு மூட்டுகள் தேய்ந்து நரம்புப் பாதை குறுகுதல். சிறிது தூரம் நடந்தால் கால் கனக்கும். உட்கார்ந்தாலோ முன்னே குனிந்தாலோ ஆறுதல் கிட்டும்.

இடுப்பு வலி வந்தால் வாரக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்பது பழைய எண்ணம். 1986 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், நோயாளருள் ஒரு சாராரை இரண்டு நாளும் மற்றொரு சாராரை ஏழு நாளும் படுக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் ஓய்வு விதிக்கப்பட்டோரே வேலைக்கு வராத நாட்கள் குறைவு. குணமடைவதில் வேறுபாடு இல்லை. ஆகவே, வலி கடுமையாயிருப்பின் ஓரிரு நாள் ஓய்வு கொண்டு, பின்னர் மெல்ல நடமாடத் தொடங்குவதே நன்று. வெந்நீர் ஒத்தடம் இதம் தரும். வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கித் தாமே தொடர்ந்து உண்பது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு விளைவிக்கும். மருத்துவரைக் கேட்டே உட்கொள்க.

வருமுன் காத்தலும் எளிதே. சுமையை எடுக்கும்பொழுது முழங்காலை மடக்கி, சுமையை மார்போடு அணைத்து எழுக. தூக்கியபடியே இடுப்பை முறுக்காமல் பாதங்களைத் திருப்புக. நிறைகுடத்தை ஒரு பக்க இடுப்பில் சுமப்பதினும், இரு கைகளிலும் சிறு வாளிகளாகப் பகிர்ந்து எடுப்பது மேல். மேசைப் பணியாளர் அரைமணிக்கு ஒருமுறையேனும் எழுந்து நாலடி நடக்க வேண்டும்.

எனினும் எல்லா இடுப்பு வலியும் தசை வலியன்று. சிறுநீர் கழிக்க இயலாமை, மலசலம் அடக்க முடியாமை, தொடைகளுக்கிடையே மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவற்றுள் எது தோன்றினும் அது அவசரம். நரம்பு நிலையாகக் கெடுவதற்கு முன் அறுவை சிகிச்சை வேண்டியிருக்கலாம். வெளித்தீவுகளில் வாழ்வோர் ஸ்ரீ விஜயபுரம் (முன்னாள் போர்ட் பிளேர்) சேரக் கப்பலையோ நெடுவழியையோ நம்பியிருத்தலால், 'நாளை பார்ப்போம்' என்று இருந்துவிடாமல் அன்றே அருகிலுள்ள சுகாதார நிலையத்தை அடைய வேண்டும். மாதக்கணக்கில் நீடிக்கும் வலியுடன் மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோய் உளதா எனச் சோதித்தல் வேண்டும். விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு அலையலையாய் இறங்கும் வலி சிறுநீரகக் கல்லாகலாம்.

இத்தீவுகளில் இன்னுமொன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 1988 முதல் இங்கே மழைக்காலங்களில் பரவிய ஒரு கொடுங்காய்ச்சல் 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' எனப்பட்டது. அது எலிக்காய்ச்சலே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த சேற்றுநீர் வழியாக, தோலிலுள்ள சிறு கீறல்களில் அக்கிருமி புகும். அதன் தொடக்கக் குறிகள் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, இடுப்பு வலி ஆகியவையே. வயலில் வேலை செய்தவர் இதனை வெறும் அலுப்பு என்று எண்ணித் தைலம் தடவிக்கொண்டிருந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பழுதாகலாம். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும். ஆதலின், காய்ச்சலோடு இடுப்பு வலி வந்தால் மருத்துவரிடம் வலியை மட்டும் கூறாமல், சேற்றில் நின்று வேலை செய்ததையும் மறவாமல் கூறுக.