ஆறு சிலிண்டரா, எட்டு சிலிண்டரா?

ஹைதராபாத் நகரிலுள்ள சௌமஹல்லா அரண்மனைக்குச் செல்வோர் அங்கே மஞ்சள் நிறமுடைய பழைய மோட்டார் வண்டியொன்றைக் காணலாம். ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியார் செய்த ‘சில்வர் கோஸ்ட்’ என்னும் வகையைச் சேர்ந்தது அது. ஆறாவது நிஜாம் மீர் மஹபூப் அலி கான் காலத்தில், 1911ஆம் ஆண்டில், அதை அனுப்புமாறு உத்தரவு சென்றது. அவ்வாண்டிலேயே அவர் காலமாகிவிட்டார். ஆகவே, வண்டி ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் உடைமையாயிற்று. அதன் பின்பகுதியில் அரியணைபோல் உயர்ந்த ஆசனம் ஒன்று அமைந்துள்ளது. பவனிகளுக்கென்றே அமைந்த அவ்வண்டி ஓடிய தூரம் மிகவும் குறைவு.

உலகப் பெருஞ்செல்வர்களுள் ஒருவராக எண்ணப்பட்ட மன்னரின் இவ்வண்டியில் இருந்த சிலிண்டர்கள் எட்டல்ல, ஆறுதான். இன்று அதே நகரில் உயர்தரக் கார் வாங்கப் புகுவோர், “ஆறு சிலிண்டர் போதுமா, எட்டே வேண்டுமா?” என்று கேட்கின்றனர். எட்டு என்பது ஆறைவிடப் பெரிய எண். ஆகவே அதுவே பெரிய கௌரவம் என்று கருதுவோர் பலர். ஒரு குடும்பம் பல ஆண்டுகள் சேர்த்த பொருளை இத்தகைய எண்ணத்தின்மீது செலவிட நேருமாயின், அவ்வெண்ணம் சரியானதுதானா என்று முன்கூட்டியே ஆராய்வது நன்று.

சிலிண்டரைத் தமிழில் உருளை என்று மொழிபெயர்க்கலாம். பட்டறையிலும் கடைத்தெருவிலும் வழங்குவது சிலிண்டர் என்ற சொல்லே ஆதலால், நாமும் அதையே ஆளுகிறோம். சிலிண்டரினுள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து எரிகின்றன. அவ்வெரிதலின் விசை பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் கிராங்க் தண்டைச் சுழற்றுகிறது. உள்ளிழுத்தல், அழுத்துதல், எரிதல், வெளித்தள்ளுதல் ஆகிய நான்கு தொழில்களும் ஒரு சிலிண்டரில் முடிவதற்குள் கிராங்க் தண்டு இருமுறை சுற்றிவிடும். அந்த இரு சுற்றுகளில் ஒரு சிலிண்டர் ஒருமுறைதான் விசை தருகிறது. எஞ்சிய நேரமெல்லாம் பிறர் உழைப்பில் சுழல்கிறது.

இரு சுற்று என்பது 720 பாகை. நான்கு சிலிண்டர் இருந்தால் 180 பாகைக்கு ஒரு தள்ளு கிடைக்கும். ஆறு இருந்தால் 120 பாகைக்கு ஒன்று. எட்டு இருந்தால் 90 பாகைக்கு ஒன்று. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு தள்ளின் வலிமை ஓய்ந்த பிறகே அடுத்தது வருகிறது. ஆறில் ஒன்று முடியுமுன் மற்றொன்று தொடங்கிவிடுகிறது. எட்டில் அவை மேலும் நன்றாக ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஏற்றம் இறைக்கும் இருவர் மாறி மாறி மிதிப்பதற்கும், பலர் கூடி மிதிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் போன்றது இது. இவ்வகையில் எட்டுக்கு ஒரு மேன்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும், எஞ்சினின் அமைதி தள்ளுகளின் எண்ணிக்கையைமட்டும் பொறுத்ததன்று. மேலும் கீழும் ஓடும் பிஸ்டன்களின் கனம் எஞ்சினைக் குலுக்க முயல்கிறது. ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் நிறுத்தினால், முதலாவதும் ஆறாவதும், இரண்டாவதும் ஐந்தாவதும், மூன்றாவதும் நான்காவதும் இணையிணையாக ஏறி இறங்குகின்றன. அவற்றின் குலுக்கல்கள் ஒன்றையொன்று முற்றிலும் ஈடு செய்துவிடுகின்றன. தனி எடைத்தண்டு எதுவும் சேர்க்காமலே இச்சமநிலை கிடைக்கிறது. இது வரிசை ஆறுக்கு இயல்பாக அமைந்த நற்குணம். ‘வி’ வடிவில் மும்மூன்றாகச் சாய்த்து வைக்கும் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு இக்குணம் இல்லை என்பதையும் வாங்குவோர் நினைவில் வைக்கவேண்டும். இரண்டும் ஆறுதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

எட்டு சிலிண்டரைப் பெரும்பாலும் நான்கு நான்காக ‘வி’ வடிவில் அமைக்கின்றனர். இதனால் எஞ்சினின் நீளம் குறைகிறது, அகலம் கூடுகிறது. காடிலாக் கம்பெனி 1914ஆம் ஆண்டு இத்தகைய எஞ்சினைப் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கியது. ஆனால் அதன் நடுக்கத்தை அடக்கும் வழி 1923ஆம் ஆண்டில்தான் கைகூடியது. கிராங்க் தண்டின் முழங்கைகளைச் சிலுவைபோல் நான்கு திசைகளில் திருப்பி, எதிர் எடைகளும் சேர்த்த பின்னரே ‘வி’ எட்டு அமைதி பெற்றது. வரிசை ஆறு இயற்கையில் பெற்றதை, ‘வி’ எட்டு முயற்சியால் பெற்றது எனலாம்.

ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியின் வரலாற்றிலேயே இவ்விரு வழிகளும் சந்திக்கின்றன. 1905ஆம் ஆண்டில் அக்கம்பெனி ‘வி’ வடிவ எட்டு சிலிண்டர் வண்டி ஒன்றை உருவாக்கியது. அக்காலத்தில் பிரிட்டனில் சட்டம் அனுமதித்த வேகம் மணிக்கு 20 மைல். அந்த எல்லையைத் தாண்டாதபடி அமைந்த அவ்வண்டியில் மூன்றேமூன்றுதான் செய்யப்பட்டன. அதே காலத்தில் செய்த ஆறு சிலிண்டர் வண்டியிலோ நீண்ட கிராங்க் தண்டு முறுகி அதிரும் தொல்லை இருந்தது. ஹென்றி ராய்ஸ் எட்டைத் தொடராமல், ஆறின் குறையையே தீர்க்க முனைந்தார். தண்டைப் பருமனாக்கி, ஏழு இடங்களில் தாங்கி, சிலிண்டர்களை மும்மூன்றாக இரு தொகுதிகளில் வார்த்தார். 1906இல் வெளிவந்த அவ்வண்டியே பின்னர் சில்வர் கோஸ்ட் என்று புகழ்பெற்றது.

நிஜாமின் ஆணை சென்ற 1911ஆம் ஆண்டிலேயே இவ்வகை வண்டி ஒன்று லண்டனிலிருந்து எடின்பரோவுக்குச் சென்று திரும்பியது. வழிநெடுக மேல் கியரிலேயே ஓடி, காலனுக்கு 24 மைலுக்குமேல் கொடுத்தது. பின்னர் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் திடலில் மணிக்கு 78 மைல் வேகத்தையும் எட்டியது. கியர் மாற்றாமல், நடையின் வேகத்திலிருந்து விரைவோட்டம்வரை இழைந்து செல்லும் இக்குணமே பவனி வண்டிக்கு இன்றியமையாதது. யானையின் நடையோடு ஒத்துச் செல்லவேண்டிய வண்டி அதிர்ந்தால், அரியணையில் வீற்றிருப்பவரின் மாட்சிமை என்னாவது! பயன் இன்னது என்று தெளிந்தபின் எஞ்சினைத் தேர்ந்தால் தவறு நேராது என்பதற்கு அம்மஞ்சள் வண்டி சான்று.

அப்படியாயின் எட்டு ஏன் வந்தது? ரோல்ஸ் ராய்ஸே 1959ஆம் ஆண்டில் ‘சில்வர் கிளவுட்’ வண்டியில் ஆறை நீக்கி எட்டைப் பொருத்தியது. 4,887 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டருக்குப் பதிலாக 6,230 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அலுமினிய எட்டு வந்தது. வண்டியின் கனம் கூடிவிட்டது. தானியங்கிக் கியர், ஸ்டியரிங்கை இலகுவாக்கும் கருவி, குளிர்சாதனம் ஆகிய யாவும் எஞ்சினிடம் பங்கு கேட்டன. பழைய ஆறு தன் வளர்ச்சியின் எல்லையை அடைந்துவிட்டிருந்தது. ஆகவே எட்டு வந்தது கௌரவத்திற்காக அன்று, சுமைக்காகவே. அதற்குரிய விலையும் உண்டு. புதிய எஞ்சினில் சில ஸ்பார்க் பிளக்குகளை மாற்றுவதற்கு முன்சக்கரத்தைக் கழற்றி, அதன் உட்புறத் தகட்டைத் திறக்கவேண்டியிருந்தது. சிலிண்டர் கூடும்போது மெக்கானிக்கின் உழைப்பும் கூடும் என்பதை இது நன்கு காட்டுகிறது.

இன்றைய நிலை மீண்டும் மாறியிருக்கிறது. வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ என்னும் கருவி இப்போது பரவலாகிவிட்டது. ஒரு சிலிண்டருக்குச் சுமார் 500 கன சென்டிமீட்டர் என்ற அளவு எரிதலுக்கு ஏற்றது எனப் பல கம்பெனிகள் கண்டுள்ளன. எனவே ஆறு சிலிண்டர் என்பது பெரும்பாலும் 3 லிட்டர் எஞ்சின். எட்டு என்பது 4 லிட்டர் எஞ்சின். டர்போ பூண்ட 3 லிட்டர் ஆறு, முந்தைய தலைமுறையின் பெரிய எட்டு தந்த வலிமையை எளிதில் தருகிறது. இதனாலேயே, ஒருகாலத்தில் வரிசை ஆறைக் கைவிட்ட மெர்ஸிடஸ் பென்ஸ் 2017ஆம் ஆண்டில் தன் ‘எஸ்’ வகுப்புக் காரில் அதனை மீண்டும் கொண்டுவந்தது.

இனி ஹைதராபாத்தின் நிலைமைக்கு இவற்றைப் பொருத்திப் பார்ப்போம். நகரைச் சுற்றியுள்ள வெளிவட்டச் சாலை 158 கிலோமீட்டர் நீளமுடையது. அகன்ற அச்சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போது எஞ்சினின் வலிமையில் சிறு பகுதியே தேவைப்படுகிறது. எட்டு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில், சுமை குறைந்ததும் நான்கு சிலிண்டர்களை உறங்கச் செய்யும் ஏற்பாடு உண்டு. எட்டுக்கு விலை கொடுத்தவர் பெரும்பாலும் நான்கிலேயே பயணம் செய்கிறார்!

நகரினுள்ளோ நெரிசல். வேனிலில் வெயில் 40 பாகையைத் தாண்டும்போது, வண்டி நகராமல் நிற்க, குளிர்சாதனம் இடைவிடாது இயங்குகிறது. அப்போது எஞ்சினைச் சூழ்ந்த வெப்பம் ரப்பர்க் குழாய்களையும் காஸ்கட்டுகளையும் விரைவில் தளர்த்திவிடும். எட்டு சிலிண்டர் எஞ்சின்கள் சிலவற்றில் டர்போக்கள் ‘வி’யின் நடுவிலேயே அமர்ந்துள்ளன, வெப்பமும் அங்கே திரள்கிறது. வரிசை ஆறில் புகை வெளியேறுவது ஒரே பக்கம். மறுபக்கம் காற்றோட்டத்திற்கும் மெக்கானிக்கின் கைக்கும் இடமளிக்கிறது.

செலவையும் கணக்கிடுவோம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்று கொள்வோம். ஆறு சிலிண்டர் வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டரும், எட்டு சிலிண்டர் வண்டி 8 கிலோமீட்டரும் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், முன்னதற்கு 1,200 லிட்டரும் பின்னதற்கு 1,500 லிட்டரும் பெட்ரோல் வேண்டும். இவ்விலையில் கார் வாங்குபவருக்கு 300 லிட்டர் பெரிதன்று என்று சொல்லலாம். ஆனால் எட்டில் ஸ்பார்க் பிளக்குகள் எட்டு; சிலிண்டர் தலைப்பகுதிகள் இரண்டு; சிலிண்டருக்கு நான்காக வால்வுகள் 32. ஒவ்வொன்றும் ஒருநாள் கவனம் கோரும். வரியிலும் ஒரு நுட்பம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்குச் சரக்கு சேவை வரி 40 சதவிகிதம். ஆறுக்கும் எட்டுக்கும் விகிதம் ஒன்றே. ஆனால் விலை கூடக்கூட வரித்தொகையும் கூடும். வண்டி நம் நாட்டில் பூட்டப்பட்டதா, முழுமையாக இறக்குமதியானதா என்பதையும் கேட்டறிய வேண்டும். சுங்க வரியின் சுமை அதைப் பொறுத்தது.

பழைய வண்டி வாங்குவோருக்கே இவ்வெச்சரிக்கை மிகவும் தேவை. பத்தாண்டு ஓடிய எட்டு சிலிண்டர் சொகுசுக் கார் மலிவாகக் கிடைக்கலாம். வண்டியின் விலைதான் இறங்குமேயன்றி, அதன் உதிரிப் பாகங்களின் விலை இறங்குவதில்லை. மகளின் திருமணத்திற்கென்று வைத்த பணமோ, தொழிலுக்கென்று ஒதுக்கிய முதலோ, ஒரு நீண்ட பழுதுபார்ப்பில் கரைந்துவிடக் கூடும். ஆகையால் வாங்குமுன், அவ்வகை எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய பழக்கமுள்ள மெக்கானிக் தம் ஊரில் இருக்கிறாரா என்று விசாரிப்பது முதற்கடமை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறையும், நெரிசலில் அரைமணி ஓடியபின் ஒருமுறையும் அதன் ஒலியைக் கேட்டுப் பார்க்கவேண்டும்.

ஆகவே, ஓட்டுநரை வைத்துப் பின்னிருக்கையில் அமர்ந்து அலுவலகம் செல்பவருக்கும், நகரிலேயே பெரும்பொழுது ஓட்டுபவருக்கும் வரிசை ஆறு சாலச் சிறந்தது. அமைதியில் அவர் இழப்பது ஏதுமில்லை. தாமே ஓட்டுபவர், நெடுந்தொலைவு செல்பவர், மிகக் கனமான வண்டியை விரும்புபவர், எட்டின் கம்பீரமான ஒலியில் உண்மையாகவே இன்பம் காண்பவர் ஆகியோர் எட்டை வாங்கலாம். ஆனால் அவ்வின்பத்திற்கும் பராமரிப்புக்கும் தனியே பொருள் ஒதுக்கியபின் வாங்குவதே முறை.

பவனிக்கு மஞ்சள் வண்டியை வைத்திருந்த அதே ஹைதராபாத் அரசு, 1932ஆம் ஆண்டில் 27 ஆல்பியன் பஸ்களைக் கொண்டு மக்களுக்கான போக்குவரத்தைத் தொடங்கியது. பவனிக்கு ஒரு வண்டி. பயணத்திற்கு வேறொரு வண்டி. நமக்கு வேண்டுவது இவற்றுள் எது என்பதை முதலில் முடிவு செய்வோமாயின், சிலிண்டரின் எண்ணிக்கை தானே முடிவாகிவிடும்.