டிஃபனி விளக்கில் இல்லாத பெயர்

சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழகிய நமக்குத் தெரியும், கண்ணாடியில் ஈயம் ஒட்டாது. அப்படியிருக்க, ஏறக்குறைய 2000 கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துக் குடைபோல் வளைந்த ஒரு விளக்கு ஷேடை எப்படிச் செய்தார்கள்? நியூயார்க் டிஃபனி ஸ்டுடியோஸின் 'விஸ்டீரியா' விளக்கைப் படத்தில் பார்த்ததும் எனக்கு எழுந்த கேள்வி இதுதான்.

தேவாலய ஜன்னல்களில் துண்டுகளை 'எச்' வடிவ ஈயப் பட்டையில் சொருகுவார்கள். பெரிய துண்டுக்கு அது சரி. விரல் நக அளவுத் துண்டு என்றால் பட்டையே பாதியை மறைத்துவிடும். எனவே ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் மெல்லிய தாமிரத் தகட்டைச் சுற்றி, அச்சின் மேல் அடுக்கி, தாமிரத்தோடு தாமிரத்தைச் சால்டர் செய்தார்கள். ஈயம் தாமிரத்தைப் பிடிக்கும், தாமிரம் கண்ணாடியைக் கவ்வும். அவ்வளவுதான் சூட்சுமம்!

நிறம்? மேலே பூசிய பெயிண்ட் இல்லீங்க. கண்ணாடியை உருக்கும்போதே சேர்க்கும் உலோக ஆக்ஸைடு. கோபால்ட் என்றால் நீலம். ஒரே ஷீட்டில் நிறம் இடத்துக்கு இடம் மாறும். எந்த மூலையை வெட்டினால் இதழில் நிழல் விழுந்த மாதிரி தெரியும் என்று பார்ப்பதுதான் கஷ்டமான வேலை. அதற்கு மெஷின் கிடையாது, கண்தான்.

அந்தக் கண் முதலாளி லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனியுடையது என்றே வெகுகாலம் எல்லாரும் நினைத்தார்கள். கிளாரா டிரிஸ்கால் என்ற ஊழியர் அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் எழுதிய கடிதங்கள் ஆராய்ச்சியாளர் கைக்குக் கிடைத்த பிறகுதான் கதை மாறியது. விஸ்டீரியாவும், 1900 பாரிஸ் கண்காட்சியில் பரிசு வாங்கிய தும்பி விளக்கும் கிளாராவின் டிசைன்! 2007-ல் நியூயார்க்கில் இதற்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது.

1861-ல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்த கிளாரா, 1892-ல் பெண்கள் கண்ணாடி வெட்டும் பிரிவுக்குத் தலைவியானார். ஆறு பேரோடு தொடங்கிய பிரிவு சில வருடங்களில் சுமார் 35 பேராக வளர்ந்தது. 1903-ல் ஆண் தொழிலாளர் சங்கம் இந்த வேலையைப் பெண்கள் செய்யக்கூடாது என்று கிளம்பியது. (யூனியன் மலரில் எழுதுகிறேன் என்பதற்காக இதை மறைக்க முடியுமா? அவர்கள் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை.) கிளாரா விட்டுக்கொடுக்கவில்லை. பிரிவு பிழைத்தது, ஆனால் 27 பேருக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது.

இன்னொரு விதியும் உண்டு: கல்யாணமான பெண்ணுக்கு அங்கே வேலை இல்லை. முதல் கணவர் இறந்த பிறகுதான் கிளாரா திரும்பி வந்து தலைவியானார். 1909-ல் மறுமணம், அதோடு டிஃபனி வேலை முடிந்தது. 1944-ல் காலமானார். விளக்குகளில் 'டிஃபனி ஸ்டுடியோஸ்' என்ற முத்திரை மட்டுமே இருக்கிறது.