பாதமும் சாக்கெட்டும்

டீ ஆறுவதற்குள் ஒரு செயற்கைக் காலைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். ஜெய்ப்பூர் காலையே எடுத்துக்கொள்வோம். நடனக் கலைஞர் சுதா சந்திரன் பொருத்திக்கொண்டு மறுபடி பரதம் ஆடினாரே, அதுதான்.

அறுபதுகளின் கடைசியில், ஜெய்ப்பூர் சவாய் மான் சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கியது. அதுவரை கிடைத்த பாதம் ஷூவுக்குள் இருப்பதற்கென்றே செய்தது, கணுக்கால் மடங்காது. குந்தி உட்கார முடியாது, சம்மணம் கூடாது, வயலில் இறங்கினால் போச்சு. இவர்கள் கணுக்கால் இடத்தில் மரக்கட்டையும் குதிகாலில் ஸ்பாஞ்சு ரப்பரும் வைத்து, மேலே ரப்பர் சுற்றி, அச்சில் போட்டு வேகவைத்தார்கள். விரல்கள்கூட உண்டு. வெறுங்காலோடு சேற்றில் நடக்கலாம்.

மலிவான பாதம் வந்தாயிற்று, லட்சக்கணக்கில் செய்து கப்பலில் ஏற்றினால் தீர்ந்ததே என்று தோன்றும். இங்கேதான் எல்லோரும் கணக்கைத் தப்பாகப் போடுகிறோம்.

பாதம் புடவை மாதிரி, கடையில் வாங்கிவிடலாம். சாக்கெட் ரவிக்கை, அளவு கொடுக்காமல் ஆகாது. வெட்டியதுபோக மிஞ்சிய கால் உள்ளே இறங்கி உட்காரும் கூடுதான் சாக்கெட். உடம்பின் பாரம் அங்கேதான் இறங்குகிறது. முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள தசைநார் அழுத்தம் தாங்கும். முன்னெலும்பின் நுனி தாங்காது. அதனால் மாவுக்கட்டு போட்டு அச்செடுத்தபின், தாங்கும் இடத்தில் அச்சைக் கொஞ்சம் சுரண்டுவார்கள், தாங்காத இடத்தில் சாந்து பூசி மேடாக்குவார்கள். பிறகு, தண்ணீர் கொண்டுபோகிற அதே எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாயை அடுப்பில் சூடாக்கி, இளகியதும் அச்சின்மேல் இழுத்து மாட்டுவார்கள். சுரண்டுவதில் கை தேர வருஷங்கள் ஆகும்.

அதோடு முடியவில்லை. அறுவைக்குப் பிந்தைய மாதங்களில் மிஞ்சிய கால் சிறுத்துப்போகும், சாக்கெட் தொளதொளக்கும். கூடுதலாக ஒரு காலுறை போட்டுச் சமாளிக்கலாம். அப்புறம் புதிது செய்தாக வேண்டும். வளரும் பிள்ளைக்கு அடிக்கடி. பொருந்தாத சாக்கெட் புண்ணாக்கும். இலவசமாக வந்த கால், பரண் ஏறிவிடும்.

கண்ணாடி, காதுக்கருவி, சக்கர நாற்காலி என ஏதாவதோர் உதவிக் கருவி 250 கோடிக்கும் அதிகமானோருக்குத் தேவை, அதில் ஏறக்குறைய 100 கோடிப் பேருக்குக் கிட்டவில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் சொல்லின. விலை ஒரு காரணம். அளவெடுக்கத் தெரிந்தவர் அக்கம்பக்கத்தில் இல்லாதது அதைவிடப் பெரியது என்பேன்.

1975இல் டி.ஆர். மேத்தா தொடங்கிய, ஜெய்ப்பூர் கால் பொருத்தும் அமைப்பு, வெளிநாட்டு முகாம்களுக்குக் கால்களோடு கைவினைஞர்களையும் கூட்டிப்போகிறது. நல்ல முறை. ஆனால் முகாம் கலைந்தபின் சாக்கெட் தளர்ந்தால்? நம்மூரில் யாராவது இலவசக் கால் முகாமுக்கு நன்கொடை கேட்டு வந்தால், எத்தனை கால் கொடுப்பீர்கள் என்பதோடு, அடுத்த வருஷம் பழுது பார்க்க எங்கே வரவேண்டும் என்றும் கேட்டுவைப்போம்.