பந்தய ட்ரோன்: அமைப்பும் அனுபவமும்

ஆளில்லா வானூர்தியை 'ட்ரோன்' என வழங்குதல் இன்று சிறுவரும் அறிந்ததே. திருமண வீட்டின் மேல் நின்று படம் பிடிப்பதும், வயலில் மருந்து தெளிப்பதும் அவ்வினத்தைச் சேர்ந்தனவாம். ஈண்டு யான் கூறப் புகுவது அவற்றினும் வேறான ஒன்று. விரித்த கையளவினதாய், மணிக்கு 100 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் வளையங்களினூடு புகுந்தும் கம்பங்களைச் சுற்றியும் பறப்பதாய் உள்ள பந்தய ட்ரோனே அது. அதன் முகப்பில் ஒரு சிறு கமரா உண்டு. ஓட்டுபவர் தரையில் இருந்தபடியே காட்சிக் கண்ணாடி அணிந்து, அக்கமரா காண்பதைத் தாமும் கண்டு அதனைச் செலுத்துவர்.

இவ்விளையாட்டு மாணவப் பருவத்தினர்க்கு அந்நியமானதன்று. 2016ஆம் ஆண்டிலே துபாயில் நடைபெற்ற பெரும் போட்டியில் 2,50,000 அமெரிக்க டொலர் பரிசை வென்ற குழுவின் ஓட்டுநரான லூக் பனிஸ்ரர் என்னும் ஆங்கிலேய இளைஞருக்கு அப்பொழுது வயது 15. 2018ஆம் ஆண்டிலே சீனாவின் சென்சென் நகரில் நடைபெற்ற உலக வல்லவர் போட்டியில் வென்ற அவுஸ்திரேலியரான றூடி பிறவுணிங் என்பவருக்கும் வயது 15 தான்.

படம் பிடிக்கும் ட்ரோனைக் கடையில் வாங்கிப் பறக்கவிடலாம். பந்தய ட்ரோனையோ பலர் தாமே அமைத்துக்கொள்கின்றனர். காரணம் எளிது. மோதி உடைதல் அதற்கு நாளாந்த நிகழ்ச்சி. தன் கையால் அமைத்தவனே அதனைத் தன் கையால் திருத்தவும் வல்லவனாவான். அவ்வெண்ணத்துடனேயே யானும் எனது முதல் ட்ரோனை அமைக்கத் தொடங்கினேன். பல மாதச் சேமிப்பில் உறுப்புக்களை வாங்கி, மூன்று வார இரவுகள் உழைத்து முடித்தேன். முடித்த அன்றே ஒரு பிழை செய்தேன். அப்பிழையைச் சொல்லாது அமைப்பை மாத்திரம் சொல்லின் இக்கட்டுரையாற் பயன் சிறிதாகும்.

எல்லாம் பூட்டியாயிற்று என்னும் மகிழ்ச்சியில், விசிறிகளையும் மாட்டி, மேசை மேல் வைத்து மின்கல அடுக்கை இணைத்தேன். பத்து வயதான என் மருமகன் மேசைக்கப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டர்கள் மெல்லச் சுழல்வதை மாத்திரம் அவனுக்குக் காட்டுதல் என் நோக்கம். ஆளியைத் தட்டினேன். இமைப்பொழுதில் அது துள்ளிக் கவிழ்ந்து, மேசை விளிம்பால் என் பக்கம் பாய்ந்தது. தடுக்க நீட்டிய இடக்கையில் இரு விரல்கள் வெட்டுண்டன. மூன்று தையல்கள் இடவேண்டியதாயிற்று. அது மறுபக்கம் பாய்ந்திருப்பின் அதன் உயரத்திலே நின்றது அச்சிறுவனின் முகம். காயத்தினும் அந்நினைவே என்னைப் பல நாள் வருத்தியது.

கட்டுப் போட்டு வீடு திரும்பியபோது அவன் கேட்டான்: "மாமா, கவிழாமல் நிற்கத்தானே அதற்குள் ஒரு கணினி இருக்கிறது? பின் ஏன் அது தானே கவிழ்ந்தது?" அன்று என்னால் விடை கூற இயலவில்லை. விடை தேடியபோதுதான் யான் அமைத்த பொருளின் இயல்பையே யான் அறியாதிருந்தமை புலனாயிற்று.

நான்கு சுழலிகளால் மேலெழும் ஊர்தி புதியதன்று. 1907ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்தில் லூயி பிறெகே என்பவரும் அவர் சகோதரரும் அத்தகையதொன்றை அமைத்தனர். அது நிலத்தினின்றும் சிறிதே எழுந்தது. ஆயினும் தானாக நிலைகொள்ளவில்லை. மூலைக்கொருவராக நால்வர் நின்று அதனைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1924ஆம் ஆண்டில் அந்நாட்டவரான எற்றியன் ஏமிசன் என்பவர் தமது ஊர்தியில் ஒரு கிலோமீற்றர் நீளமான சுற்றைப் பறந்து முடித்தார். அவரும் நான்கு பெருஞ் சுழலிகளோடு எட்டுச் சிறு விசிறிகளை வேறாகப் பூட்டியே ஊர்தியை நிலைப்படுத்திச் செலுத்தினார். நான்கு சுழலிகளின் உந்துதல் எக்கணமும் சரிசமமாய் இராது. ஒன்று சற்றே தளரினும் ஊர்தி அப்பக்கம் சாயும். அச்சாய்வை உடனே உணர்ந்து திருத்துவாரின்றி அது நில்லாது.

1907இல் நால்வர் செய்த வேலையை இன்று நகமளவான ஒரு சில்லு செய்கின்றது. சுழற்சியுணரி என்னும் அச்சில்லு ஊர்தி எப்பக்கம் எவ்வேகத்தில் திரும்புகின்றதென்பதைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை அளந்து சொல்லும். கட்டுப்பாட்டுப் பலகையிலுள்ள நுண்கணினி, ஓட்டுபவர் கட்டளையிட்ட திருப்பத்தோடு அதனை ஒப்பிடும். இரண்டிற்குமுள்ள வேறுபாடே பிழை. இப்பொழுதுள்ள பிழை, இதுவரை சேர்ந்த பிழை, பிழை மாறும் வேகம் என்னும் மூன்றையும் கணக்கிட்டு, எந்த மோட்டருக்கு எவ்வளவு விசை கூட்டுவது, எதற்குக் குறைப்பது என அது தீர்மானிக்கும். இத்தகைய மென்பொருள் ஆர்வலர் பலர் கூடி ஆக்கி இலவசமாய் வழங்கியதாகும். 2010ஆம் ஆண்டளவில் 'வீ' என்னும் விளையாட்டுக் கருவியின் கைப்பிடியிலிருந்த சுழற்சியுணரியைக் கழற்றிப் பயன்படுத்திய முயற்சியிலிருந்து அது கிளைத்தது. இன்று பெரிதும் வழங்கும் 'பீற்றாபிளைற்' அதன் வழித்தோன்றலே.

இனி மருமகனின் வினாவுக்கு வருவோம். கணினியிலிருந்து வரும் கம்பியைச் செருகும் துளை, சட்டகத்தின் தூணொன்றால் மறைபட்டது. ஆதலால் யான் கட்டுப்பாட்டுப் பலகையை முன்பின்னாகத் திருப்பிப் பொருத்தினேன். அதனாற் குற்றமில்லை. பலகை திருப்பி வைக்கப்பட்டதென மென்பொருளிற் குறித்துவிட்டாற் போதும். யான் குறிக்க மறந்தேன். விளைவு யாது? ஊர்தி வலப்பக்கம் அணுவளவு சாய்ந்தது. பலகையோ இடப்பக்கம் சாய்வதாக உணர்ந்து, இடப்பக்கத்து மோட்டர்களுக்கு விசை கூட்டிற்று. வலச்சாய்வு மிகுந்தது. பிழை மிகுந்ததைக் கண்ட பலகை மேலும் விசை கூட்டிற்று. திருத்த எடுத்த ஒவ்வொரு முயற்சியும் பிழையை வளர்த்தது. அக்கணினி பழுதடையவில்லை. தன் கடமையைப் பிழையின்றிச் செய்தமையாலேயே ஊர்தி கவிழ்ந்தது. திசையைத் தவறாகக் கற்பித்தவன் யான்.

இவ்வுண்மையை மனத்திற் கொண்டு அமைக்கும் முறையை நோக்குவோம்.

சட்டகம் காபன் நார்த் தகட்டாலானது. மூலைக்கு மூலை ஏறத்தாழ 220 மில்லிமீற்றர். மோட்டர்கள் நான்கு. '2207' என மோட்டரிற் பொறித்திருப்பின் அதன் நிலைப்பகுதி 22 மில்லிமீற்றர் விட்டமும் 7 மில்லிமீற்றர் உயரமும் உடையதென்பது பொருள். அதனருகே 'கே.வீ.' என ஓர் எண் காணப்படும். அதனைக் கிலோவோல்ற்று என மயங்கற்க. சுமையின்றிச் சுழலும்போது ஒரு வோல்ற்றுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதே அது. 2,450 என்னும் எண்ணுடைய மோட்டர், நான்கு கலங்கள் கொண்ட 14.8 வோல்ற்று அடுக்கில் நிமிடத்துக்கு 36,260 சுற்றுச் சுழலும். விசிறியின் சுமையேறும்போது இது குறையும். 5 அங்குல விசிறி 25,000 சுற்றில் ஓடினும் அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 600 கிலோமீற்றர் வேகத்தில் வெட்டும். என் விரல்களைத் தொட்டது மெல்லச் சுழன்ற விசிறியாதலின் தையலோடு தப்பினேன்.

முதலில் மோட்டர்களைச் சட்டகத்திற் பூட்டுக. திருகாணியின் நீளத்தை அளந்து பார்த்தல் வேண்டும். நீளம் மிகின் அதன் நுனி உள்ளேயுள்ள செம்புச் சுருளைத் தீண்டி மோட்டரை எரித்துவிடும். காபன் நார் மின்கடத்தும் என்பதையும் மறத்தலாகாது. அதன் கூரிய விளிம்பில் உராயும் கம்பிக்கு உறையிடுதல் நன்று.

அடுத்தது வேகச் சீராக்கிப் பலகை. ஒவ்வொரு மோட்டரின் மூன்று கம்பிகளையும் அதிற் பற்றாசு வைத்து இணைக்க வேண்டும். அம்மூன்றில் எவ்விரண்டை மாற்றினும் மோட்டர் எதிர்த்திசையிற் சுழலும். மின்கல அடுக்கின் தடித்த கம்பிகளை இணைக்கும் இடத்தில் தொடக்கக்காரர் பலர் இடர்ப்படுவர். பெரிய செம்புப் பரப்பு வெப்பத்தை உறிஞ்சிவிடுதலால், மெல்லிய முனையுள்ள பற்றாசுக்கோல் அங்கே பயன்படாது. அகன்ற முனையால் நன்கு சூடேற்றி, ஈயம் தானே பரந்து பளபளக்கும்வரை பொறுத்தல் வேண்டும். மங்கலாய் உருண்டு நிற்கும் பற்றாசு பறக்கும்போது விட்டுப்போகும். அவ்விடத்திலேயே ஒரு கொள்ளளவியையும் இணைப்பர். மோட்டர்கள் சடுதியில் வேகம் மாறும்போது எழும் வோல்ற்று ஏற்றங்களை அது தாங்கிக்கொள்ளும். அதன் கோடிட்ட பக்கம் எதிர்முனை. மாற்றி இணைப்பின் வெடிக்கும்.

இதன்பின் மின்கல அடுக்கை நேரே இணைத்தல் கூடாது. மானியால் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே குறுஞ்சுற்று உண்டோவெனப் பார்த்து, பின்னர் ஒரு மோட்டர்க் கார் மின்குமிழைத் தொடரில் வைத்து இணைக்க வேண்டும். குமிழ் ஒருகணம் ஒளிர்ந்து அணையின் நலம். அணையாது ஒளிரின் எங்கோ குறுஞ்சுற்று உளது. உடனே கழற்றிவிடுக. அற்ப விலையுள்ள அக்குமிழ் பல மாதச் சேமிப்பைக் காக்கும். படம் அனுப்பும் வானொலிச் செலுத்திக்கு அன்ரெனாவைப் பூட்டாது மின்னூட்டுதலும் ஆகாது. வெளியேற வழியற்ற சக்தி செலுத்தியையே சுட்டுவிடும்.

இனி, யான் செய்யாது விட்ட சோதனை. விசிறிகள் இன்றியே கணினியோடு இணைத்து, ஊர்தியைக் கையால் வலப்பக்கம் சாய்க்க. திரையிலுள்ள உருவமும் வலப்பக்கமே சாய்தல் வேண்டும். முன்புறம் தாழ்த்தின் அதுவும் தாழ்தல் வேண்டும். பின் ஒவ்வொரு மோட்டராகச் சுழற்றி அதன் எண்ணையும் திசையையும் நோக்குக. பீற்றாபிளைற்றின் வழமையில் பின்வலம் 1, முன்வலம் 2, பின்னிடம் 3, முன்னிடம் 4. மேலிருந்து நோக்க 1உம் 4உம் வலஞ்சுழியாகவும், 2உம் 3உம் இடஞ்சுழியாகவும் சுழலும். மோட்டர் ஒரு திசையிற் சுழலச் சட்டகம் எதிர்த்திசையிற் சுழல முயலும் என்பது நியூற்றனின் மூன்றாம் விதி. மூலைவிட்டச் சோடிகள் இரண்டும் எதிரெதிராய்ச் சுழலுதலால் அம்முறுக்கம் தணிகின்றது. ஈற்றில் கையிலுள்ள வானொலிக் கட்டுப்படுத்தியை அணைத்து, மோட்டர்கள் தாமே நிற்கின்றனவா எனவும் பார்த்தல் வேண்டும். இத்தனைக்கும் பத்து நிமிடம் போதும். உருவம் சாய்வதைப் பார்க்க ஒரு நிமிடமும் ஆகாது. அந்த ஒரு நிமிடத்தைச் சேமித்தே யான் தையலிட்டுக்கொண்டேன்.

மின்கல அடுக்கைப் பற்றியும் ஒரு சொல். இலிதியம் பொலிமர்க் கலம் நிறைந்த நிலையில் 4.2 வோல்ற்று உடையது. 3.5 வோல்ற்றளவிற் பறப்பை நிறுத்துதல் நன்று. 1,300 மில்லியம்பியர்-மணி அடுக்கை 1.3 அம்பியரில் ஏற்றுதல் பாதுகாப்பான வழக்கம். பறப்பிற் சராசரி 39 அம்பியர் இழுப்பின் அது இரண்டே நிமிடத்திற் தீர்ந்துவிடும். குத்துண்ட அல்லது வீங்கிய கலம் தீப்பற்றத் தக்கது. ஆதலால் ஏற்றும்போது அருகிருந்து காத்தல் வேண்டும். பயன்படுத்தாத நாட்களிற் கலத்துக்கு 3.8 வோல்ற்றளவில் வைத்திருத்தல் அதன் ஆயுளை நீட்டும்.

பறக்கவிடுமுன் கணினியிற் பாவனைப் பயிற்சி செய்தல் இன்றியமையாதது. பந்தய ட்ரோன் கைவிட்டதும் தானே கிடையாக நிமிராது. சாய்த்த கோணத்திலேயே தொடர்ந்து செல்லும். அதனைக் கை பழகுவதற்குப் பல மணிநேரம் வேண்டும். கணினித் திரையில் நூறு தடவை மோதினும் செலவில்லை. வெளியிற் பறக்கவிடுவோர் சிவில் விமானப் போக்குவரத்துக்குப் பொறுப்பான அதிகார சபையின் விதிகளை முன்கூட்டியே அறிந்து, வேண்டிய பதிவையும் அனுமதியையும் பெறுதல் வேண்டும். 2019 ஏப்ரில் மாதத்துக் குண்டுவெடிப்புக்களின் பின் இலங்கையில் ட்ரோன் பறப்பு முற்றாக நிறுத்தப்பட்டிருந்தமை பலருக்கும் நினைவிருக்கும். மக்கள் கூடுமிடமும் விமான நிலையச் சூழலும் இவ்விளையாட்டுக்கு உரியனவல்ல.

அந்த ட்ரோனை யான் கைவிடவில்லை. பலகையின் திசையை மென்பொருளிற் குறித்து, மேற்கூறிய சோதனைகளை வரிசைப்படி செய்து, இரண்டு வாரங்களின் பின் வெறுமையான விளையாட்டுத் திடலில் எழுப்பினேன். தோளளவு உயர்ந்து ஆடாது நின்றது. நால்வரும் பிடிக்கவில்லை.

என் மருமகனும் இப்பொழுது உதவியாளனாகிவிட்டான். வேலை தொடங்கியதும் நான்கு விசிறிகளையும் கேட்டு வாங்கித் தன் சட்டைப் பையில் இட்டுக்கொள்வான். சோதனைகள் எல்லாவற்றையும் தான் கண்ணாற் கண்டபின், திடலிலேதான் அவற்றை என்னிடம் தருவான். அவசரத்தில் யான் எத்துணை கெஞ்சினும் அதற்குமுன் தருவதில்லை.