தனிமையும் தோழமையும்

தொழில்களுள் சில பலர் கூடிச் செய்வன. சில ஒருவர் தனித்திருந்து செய்வன. அகராதி தொகுத்தல், அறிவியற் பாடநூல் எழுதுதல், இயந்திரத்தை இயக்கும் முறையை விளக்கிக் கையேடு வரைதல் ஆகியவை இரண்டாம் வகையைச் சார்ந்தவை. இத்தொழில்களில் புகும் இளைஞர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. பிறரோடு அளவின்றிப் பழகினால் பக்கம் நிரம்பாது; முற்றிலும் ஒதுங்கி வாழ்ந்தாலோ எழுதியது பிழைபடும்; உள்ளமும் வறண்டுபோகும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது எங்ஙனம்? இதற்கு விடை காண, இத்தகைய தொழிலில் முப்பத்தாறு ஆண்டுகள் உழைத்த ஒருவருடைய வாழ்க்கையை நோக்குவோம்.

அவர் பெயர் ஜேம்ஸ் மர்ரே. 1837-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். பதினான்கு வயதோடு அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது. தம் முயற்சியாலேயே பல மொழிகளைக் கற்றுப் பள்ளி ஆசிரியரானார். லண்டனை அடுத்த மில் ஹில் பள்ளியில் பணிபுரிந்துகொண்டிருந்தபோது, 1879-இல், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்துக்காகப் பேரகராதி ஒன்றைப் பதிப்பிக்க ஒப்புக்கொண்டார். பத்தாண்டுகளில் முடியும் என்று கருதப்பட்ட பணி அது. ஆனால், ஐந்தாண்டுகள் சென்றபின் 1884-இல் வெளிவந்த முதற்பகுதி ‘ஏ’ என்ற எழுத்தில் தொடங்கி, எறும்பைக் குறிக்கும் ‘ஆன்ட்’ என்ற சொல்லோடு நின்றது. அகராதி முற்றுப்பெற்றது 1928-இல். மர்ரே அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே, 1915-இல், மறைந்துவிட்டார்.

1885-இல் ஆக்ஸ்போர்டில் குடியேறிய மர்ரே, தம் வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகட்டாலான ஒரு குடிலை அமைத்தார். அண்டை வீட்டாரின் பார்வையை மறைக்காதிருக்க அதன் தளத்தை நிலத்துள் தாழ்த்த வேண்டியதாயிற்று. ஆதலின் அங்கே ஈரமும் குளிரும் மிகுதி. பனிக்காற்றுக்கு அஞ்சிக் கால்களை ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அவர் எழுதியதுண்டு. உதவியாளர் சிலர் உடனிருந்தனர். எனினும், ஒரு சொல்லின் பொருளை வரையறுத்து வாக்கியமாக்கும் வேளையில் அவர் தனியரே.

தனித்திருந்த அவர் உலகத்தை மறந்துவிட்டாரா? இல்லை. நூல்களைப் படித்து, சொற்கள் வழங்கும் இடங்களைத் தாள்துண்டுகளில் எழுதி அனுப்புமாறு 1879-இலேயே பொதுமக்களை வேண்டினார். மேற்கோள்கள் வந்து குவிந்தன. அவர் அனுப்பிய கடிதங்களின் மிகுதி கருதி, அஞ்சல் துறையினர் அவருடைய வீட்டு வாயிலிலேயே ஓர் அஞ்சற்பெட்டியை நிறுவினர். அயல்நாட்டுச் செடியின் பெயரைப் பற்றி ஐயம் எழுந்தால் கியூ தாவரத் தோட்டத்தின் இயக்குநருக்கு எழுதுவார். நிலக்கரிப் படகைக் குறிக்கும் சொல்லில் ஐயம் எழுந்தால் நியூகாசில் துறைமுக வணிகருக்கு எழுதுவார். வந்த தாள்துண்டுகளை அடுக்கிய கைகளுள் அவருடைய பிள்ளைகளின் கைகளும் இருந்தன. அவ்வேலைக்கு அவர்கள் கைச்செலவுக்காசு பெற்றார்கள்.

இத்தோழமையால் விளைந்த பயனுக்கு நம் மொழியே சான்று. ‘கட்டமரான்’ என்னும் ஆங்கிலச் சொல் தமிழின் கட்டுமரத்திலிருந்து வந்தது என்று அவ்வகராதி காட்டுகின்றது. அச்சொல் அடங்கிய பகுதி மர்ரே பதிப்பித்ததே. தொலைவிலிருந்த ஒருவர் இத்தகைய செய்திகளைத் தம் நினைவொன்றையே துணையாகக் கொண்டு எழுதியிருக்க இயலுமா?

அவருடைய நண்பர் இருவரை இங்கே குறிப்பிட வேண்டும். ஒருவர் பிட்ஸ்எட்வர்டு ஹால் என்னும் அமெரிக்கர். காசியில் வடமொழி கற்பித்தவர். பின்னர் இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில் ஒதுங்கி வாழ்ந்த அவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அகராதியின் அச்சுப்படிகளைப் படித்துத் திருத்தங்கள் அனுப்பினார். இருவரும் ஒருமுறையேனும் நேரிற் கண்டதில்லை. மற்றவர் வில்லியம் மைனர் என்னும் அறுவை மருத்துவர். மனநோய் முற்றிய நிலையில் ஒருவரைக் கொன்றமையால், 1872 முதல் பிராட்மூர் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டிருந்தவர். அவர் அங்கிருந்தபடியே ஆயிரக்கணக்கான மேற்கோள்களை அனுப்பினார். இவரிடம் மர்ரே கடிதத்தோடு நின்றுவிடவில்லை; விடுதிக்கே சென்று சந்தித்தார். அகராதி செழித்தது, மனிதரிடமிருந்து பிரிக்கப்பட்ட ஒருவருக்கு மனிதத் தொடர்பும் கிடைத்தது.

மாணவர்களே, இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? மர்ரேயின் தோழமை பெரும்பாலும் கடிதத் தோழமை. கடிதம் காத்திருக்கும் விருந்தாளியைப் போன்றது; நாம் கதவு திறக்கும் வரை பொறுத்திருக்கும். இன்றைய கைப்பேசியோ கதவைத் தட்டாமலே உள்ளே நுழைகின்றது. ஒரு வாக்கியம் உருவாகும் வேளையில் மணி ஒலித்தால், அறுந்த நினைவு மீண்டும் கூடுவதற்கு நெடுநேரமாகும். எனவே, எழுதும் நேரம் இது, உரையாடும் நேரம் இது என்று வகுத்துக்கொள்ளுங்கள். எழுதும் நேரத்தில் பிறந்த ஐயங்களைத் தாளில் குறித்துவைத்து, உரையாடும் நேரத்தில் அறிந்தவரிடம் கேளுங்கள். குறித்துக் கேட்பவன் தன் காலத்தையும் காக்கின்றான். பிறர் காலத்தையும் காக்கின்றான்.

எழுதி முடித்ததும் அப்பொருளை அறியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் தடுமாறும் இடமே நாம் திருத்த வேண்டிய இடம். மருந்தின் அளவையோ மின்பொறியின் இயக்கத்தையோ விளக்கும் கையேட்டில் ஒரு சொல் பிழைபட்டால், எழுதியவன் அறியாத ஒருவர்க்கு உயிர்ச்சேதமும் நேரலாம். அவ்விடத்தில் பிறரிடம் கேளாமை அடக்கமாகாது. கடமை தவறுதலே ஆகும்.

இறுதியாக ஒன்று. பயன் கருதி மட்டுமே பிறரை நாடுவது தோழமையன்று. மாலையில் நண்பரோடு உலாவுவதும், வீட்டாரோடு அமர்ந்து உண்பதும் வேலைக்கு இடையூறென்று எண்ண வேண்டா. மனிதருக்காக எழுதுபவன் மனிதரை அறிந்திருத்தல் வேண்டும். கதவை அடைத்துக்கொள்ளத் தெரிந்தவன் நல்ல உழைப்பாளி. அதை உரிய வேளையில் திறக்கவும் தெரிந்தவனே நல்ல எழுத்தாளன்.